மூணு நிமிஷம் பன்னெண்டு செகண்டு

கடிகாரத்தைப் பார்த்தால் குழந்தை முழித்துக்கொள்ளும் என்று நிரோஷாவுக்கு ஒரு நம்பிக்கை. யாரும் சொல்லித் தந்ததில்லை, இந்த எட்டு மாசத்தில் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அதனால் போனின் மேல் ஓரத்தில் நேரம் காட்டுகிற இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டேதான் பார்த்தாள். சுவரில் சாய்ந்து, இரண்டு காலையும் நீட்டி, நடுவிலிருக்கும் பள்ளத்தில் பழைய சேலையை மடித்துப் போட்டு, அதன்மேல் பாப்பாவைப் படுக்கவைத்து, பாதங்களை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். இடது கால் எப்போதோ மரத்துவிட்டது. யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன காலைப் போலக் கிடந்தது. ஆனாலும் ஆடிக்கொண்டிருந்தது, அதுதான் ஆச்சரியம். ஹசீனா அக்கா போனில் சொன்னது இன்னும் காதிலேயே நின்றது. திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பேச்சை அழிக்கறதுக்கு நான் கை வச்சுட்டேன், தெய்வானையும் வச்சுட்டா, உன்னுது ஒண்ணுதான் பாக்கி, என்று மெதுவாகத்தான் சொன்னாள். நாலு மணிக்குக் கம்பெனி பஸ் வந்து நின்றதும் மூணாவது பிளாக்குப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற லூர்து அக்கா வீட்டு வாசலுக்கு வரப்போகிறார்களாம், கேட்பதற்கு. கேட்பது என்றால் இந்தக் காலனியில் என்ன அர்த்தம் என்று நிரோஷாவுக்குத் தெரியும். போன வருஷம் கேபிள்காரனைக் கேட்டார்கள், அவன் பைக்கை விட்டுவிட்டு ஓடினான். லூர்து அக்காவுக்கு எங்கே ஓட. ஒற்றை ரூம், அதில் ஏழு குழந்தைகளுக்கு ஏழு பாய். இன்று காலையில் ஏழு பாயும் சுருட்டினபடியே நின்றதாம், ஒரு குழந்தையும் வரவில்லையாம். துணி காயப்போடப் போனபோது வராண்டாவில் பேசிக்கொண்டார்கள். நிரோஷா கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். வாயில் கிளிப் இருந்தால் யாரும் பதில் எதிர்பார்க்க மாட்டார்கள்.

முன்பெல்லாம் காலனி முழுக்கப் போனில் ஒரே குரூப்பு. எங்கேயோ இருக்கிற ஒரு பெரிய கம்பெனியின் குரூப்பு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், தண்ணீர் எந்த பிளாக் படி வரைக்கும் ஏறியிருக்கிறது என்று ஆளாளுக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தபோது, அது தானாக மூடிக்கொண்டது. விதியை மீறிவிட்டீர்கள் என்று ஒரு வரி, அவ்வளவுதான். எந்த விதி, யார் மீறினது, யாரிடம் போய்ச் சொல்வது? கதவே இல்லாத ஆபீஸ். அப்போதுதான் செல்போன் ரிப்பேர் கடை தாமு அண்ணன் ஒரு வழி சொன்னார். பிளாக்குக்கு ஒரு சின்னப் பெட்டி, சோப்பு டப்பா அளவு, அதற்குள்ளேதான் அந்தந்த பிளாக்கின் பேச்செல்லாம் இருக்கும். ஏழு பிளாக்குக்கு ஏழு பெட்டி. ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குக் கதவு உண்டு, வேண்டுமென்றால் திறக்கலாம், வேண்டாமென்றால் சாத்தலாம். நாலாவது பிளாக்குப் பெட்டி ஹசீனா அக்கா வீட்டு பீரோ மேல் இருக்கிறது, பூ போட்ட துணி மூடி, பச்சை லைட் மினுக்கிக்கொண்டு. கரண்ட் போனால் பிளாக்கே வாயடைத்துப் போகும். இதற்குத் தலைவி என்று யாரும் கிடையாது. மேல்தொட்டிக்கு மோட்டார் போடுவதற்கு வீட்டுக்கு வீடு முறை இருக்கிறதே, அதையே இதற்கும் வைத்துக்கொண்டார்கள். வாரத்துக்கு ஒருத்தி முறைக்காரி. காலனி முழுக்கப் போக வேண்டிய பேச்சு எதுவானாலும் முதலில் முறைக்காரி கையில் வந்து நிற்கும். அவள் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டுத் திறந்துவிட வேண்டும். மற்ற பிளாக்கிலும் அந்தந்த முறைக்காரி கேட்டுவிட்டு உள்ளே விடுவாள். திறந்ததை அழிக்க வேண்டுமானால் மட்டும் மூன்று பேர் கை வேண்டும், போன வாரத்து முறைக்காரி, இந்த வாரத்துக்காரி, அடுத்த வாரத்துக்காரி; இப்போது ஹசீனா அக்கா, நிரோஷா, தெய்வானை. இங்கே எழுதிப் போடுகிறவர்கள் குறைவு, படிக்கிறவர்கள் அதைவிடக் குறைவு. எல்லாம் வாய்ப்பேச்சுதான், பட்டனை அழுத்திக்கொண்டு பேசி அனுப்புகிற பேச்சு. நிரோஷாவும் ஏழாவதோடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பால் பொங்கிவிடும். அதனால் முறை வந்தபோது பயந்தாலும், காதால் கேட்டு விரலால் தட்டுகிற வேலைதானே, வாயைத் திறக்க வேண்டாமே என்று ஒத்துக்கொண்டாள். வாயைத் திறக்க வேண்டாம். அதைத்தான் நினைத்தாள் அன்றைக்கு, அதை மட்டும்தான்.

நேற்றும் இதே இடம், இதே சுவர். பாப்பா மடியில் பால் குடித்துக்கொண்டே கண்ணை மூடுகிற நேரம். அந்த நேரத்துக்கு ஒரு வாசம் உண்டு, சூடான தலைமுடியும் பாலும் வியர்வையும் கலந்து. அப்போதுதான் பவுனு அக்காவின் பேச்சு வந்து நின்றது. மூணு நிமிஷம் பன்னெண்டு செகண்டு. பவுனு அக்கா இரண்டு வீடு தள்ளி இருக்கிறவள், அவள் வாயிலிருந்து எதுவுமே சின்னதாக வராது. காதில் மாட்டுகிற ஒயர் போன மாசமே பிய்ந்துவிட்டது. போனைக் காதோடு அமுக்கிக்கொண்டு கேட்டாள். மொட்டைமாடி மோட்டார், வால்வு லீக்கு, போன தடவை ரிப்பேருக்கு வந்தவன் ஒரு குடிகாரன், எவன் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தது... நாற்பது செகண்டு இருக்கும். பாப்பாவின் இமை துடித்தது. ஸ்பீக்கரின் இரைச்சல் அதன் காதுக்கும் போயிருக்க வேண்டும். நிறுத்தினாள். மோட்டார் விஷயம்தானே. மூன்று நிமிஷமும் மோட்டாரைத்தான் திட்டியிருப்பாள், வேறு என்ன இருக்கும். தட்டிவிட்டாள். பச்சை டிக்கு விழுந்தது, திறந்தவர் நிரோஷா, நாலு, என்று பேரும் அடியில் விழுந்தது. பாப்பா தூங்கிப்போயிற்று. அதைவிடப் பெரிய விஷயம் அப்போது உலகத்தில் இல்லை. ராத்திரி சோறு போடும்போதுதான் வீட்டுக்காரன் புருஷோத்து தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான், லூர்தக்கா பசங்களுக்கு இருமல் மருந்து ஊத்தித்தான் தூங்கவெக்குதாமே, அங்கேயா பாப்பாவை விடப்போற? அப்புறம்தான் மீதியைக் கேட்டாள், குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. நாற்பதாவது செகண்டுக்குப் பிறகு மோட்டார் முடிந்துவிடுகிறது. அப்புறம் இன்னொண்ணும் சொல்லணும், என்று பவுனு அக்கா குரலைத் தாழ்த்துகிறாள். தங்கச்சி பையன் லூர்து வீட்டிலிருந்து வந்து மூன்று நாள் மந்தமாகவே கிடந்தானாம். அந்த வீட்டு ஜன்னலில் சிவப்பு மருந்து பாட்டில் இருக்கிறதாம். ஏழு குழந்தை ஒரே நேரத்தில் தூங்குவது எங்கேயாவது நடக்குமா, நீங்களே சொல்லுங்கள், நான் பார்த்தேன் என்று சொல்லவில்லை, சொல்கிறார்கள் என்றுதான் சொல்கிறேன். கடைசியில் ஒரு செருமல். அந்தச் செருமல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. மூணு நிமிஷம் தாண்டிப் பன்னெண்டாவது செகண்டில். அது வரைக்கும் கேட்டிருந்தால். கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாய், திறக்காமல் இருந்திருப்பாயா? பவுனு அக்கா வந்து கதவைத் தட்டி, ஏண்டி எம்பேச்சை நிறுத்திவெச்ச, என்று கேட்டால் அவளுக்கு பதில் சொல்லியிருப்பாயா? சொல்லியிருக்க மாட்டாய். அப்படியானால் கேட்டாலும் ஒன்று, கேட்காவிட்டாலும் ஒன்று. இல்லை. ஒன்று இல்லை.

கீழே மீன்காரரின் டிவிஎஸ் வந்து நின்றது. சங்கரா, நெத்திலி, என்று அவருடைய ஒலிபெருக்கியில் அவருடைய குரலே பதிவாகி ஓடிக்கொண்டிருந்தது, அவர் பாட்டுக்கு உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருப்பார். அப்படியானால் பன்னிரண்டு ஆகியிருக்குமா? மீன்காரர் வரும் நேரம் அவர் இஷ்டம். பாப்பா அசையவில்லை. வாயோரத்தில் ஒரு பால் குமிழி வந்து உடைந்தது. உண்மையாக இருந்தால்? இதுதான் அடியில் கிடக்கிற முள். போன வாரம் மூன்று நாள் பழக்குவதற்காகப் பாப்பாவை லூர்து அக்காவிடம் விட்டிருந்தாள். திங்கட்கிழமை தையல் கம்பெனியில் திரும்பச் சேர வேண்டும், அதற்கு மேல் இடத்தைப் பிடித்து வைக்க முடியாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். மூன்று நாளும் பாப்பா மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கியது. வீட்டில் அரை மணியைத் தாண்டினதில்லை. சந்தோஷப்பட்டாள், அப்போது. நேற்று ராத்திரி, குளியலறையிலிருந்து வந்து, தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் வாயருகே குனிந்து மோந்து பார்த்தாள். போன வாரம் ஊற்றின மருந்து நேற்று மணக்குமா? மணக்காது என்று தெரிந்தும் மோந்தாள். பால் வாசம்தான். புருஷோத்து பார்த்துவிட்டு என்ன பண்ற என்றான். ஒன்றுமில்லை என்றாள். லூர்து அக்கா பிரசவ வார்டில் ஆயாவாக இருந்தவள். குழைந்து பேச மாட்டாள், கொஞ்ச மாட்டாள், குழந்தையை வாங்கும்போது கூட மார்க்கெட்டில் முட்டைக்கோஸ் வாங்குவதுபோல எடை பார்த்துத்தான் வாங்குவாள். அப்படிப்பட்டவள் மேல் சந்தேகம் சீக்கிரம் ஒட்டும். சிரிக்கிறவளாக இருந்தால் ஒட்டியிருக்காது. ஜன்னலில் சிவப்பு பாட்டில் இருந்தது, நிரோஷாவே பார்த்திருக்கிறாள். அது அக்காவின் சர்க்கரை மருந்தா, சத்து டானிக்கா, என்ன கர்மமோ. கேட்கவில்லை. எதைத்தான் கேட்டாய் நீ? கல்யாணத்துக்கு முன்னால் புருஷோத்து முதல் தடவை போன் பண்ணினபோது பத்து நிமிஷத்தில் பதினேழு தடவை கேட்டானாம், லைன்ல இருக்கியா, லைன்ல இருக்கியா என்று. இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். லைனில்தான் இருந்தேன். எல்லா நேரமும் லைனில்தான் இருக்கிறேன்.

கட்டைவிரலை எடுக்காமலே மற்றக் கையின் சுட்டுவிரலால் மூன்றாவது கையை வைத்தாள். உங்கள் வீட்டில் நீக்கப்பட்டது, என்று வந்தது, வீடு என்றால் அதன் பாஷையில் பிளாக்குப் பெட்டி. இவ்வளவுதானா? மூணு நிமிஷம் பன்னெண்டு செகண்டும் போன இடம் தெரியவில்லை, செருமல் உட்பட. அதற்குக் கீழேயே இன்னொரு வரி, சின்ன எழுத்தில், எழுத்துக் கூட்டினாள். மற்ற வீடுகளில் உள்ள பிரதிகளுக்கு அந்தந்த வீட்டாரே பொறுப்பு. ஆமாம், தாமு அண்ணன் அன்றைக்கே சொன்னார், இனிமே உங்களை எவனும் மொத்தமா மூட முடியாதும்மா என்று. கை தட்டினார்கள். மொத்தமாக மூட முடியாதது மொத்தமாக அழிக்கவும் முடியாது என்று அன்றைக்கு எவளுக்குத் தோன்றியது? அந்தக் கம்பெனிக் குரூப்பாக இருந்தால் ஒரே தட்டில் எல்லார் போனிலிருந்தும் போயிருக்கும். இங்கே ஆறு வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும். ஆறு பிளாக்கு, ஆறு முறைக்காரி, அதில் இரண்டு பேர் முகம்கூடத் தெரியாது. அந்த ஆறு பேரும் நேற்று கேட்டுத்தானே உள்ளே விட்டார்கள், அவர்கள் மேல் தப்பில்லையா? இந்த நினைப்பு கொஞ்சம் சுகமாக இருந்தது, புண்ணைச் சொறிவதுபோல. ஹசீனா அக்காதான் அதையும் காலையில் கெடுத்துவிட்டாள். நேரம் பார்த்தாளாம். நிரோஷா திறந்த ரெண்டாவது நிமிஷத்துக்குள் ஆறு பிளாக்கிலும் திறந்திருக்கிறார்கள். நாலாவது பிளாக்குக்காரி கேட்டுட்டுத்தானே உட்டிருப்பா, அப்படின்னு உட்டிருப்பாளுங்க, என்றாள். அப்புறம் சொன்னாள்.

"எழுதிப் போட்டா எவளும் படிக்க மாட்டா நிரோஷா. நான் பேசினா ஹசீனா எதுக்கு அவளுக்கு வக்காலத்து வாங்குறான்னு பேச்சு திரும்பும். தொறந்து உட்டது நீ. உன் வாயால சொல்லு."

உன் வாயால. அந்த போன் வைத்ததிலிருந்து ஒன்பது தடவையோ பத்து தடவையோ பட்டனை அழுத்திவிட்டாள். அழுத்தினால் சிவப்புப் புள்ளி எரிகிறது, செகண்டு ஓடுகிறது. வணக்கம், என்று ஆரம்பித்தாள் ஒரு தடவை. வணக்கமாம், என்ன மீட்டிங்கா இது, அழித்தாள். அக்கா, நான் நாலாவது பிளாக்கு, என்று ஒரு தடவை. அது கிசுகிசுப்பாக, பக்கத்து வீட்டில் இழவு விழுந்ததைச் சொல்கிற மாதிரி இருந்தது. குழந்தை முழித்துவிடும் என்று கிசுகிசுத்தாள், கிசுகிசுத்தால் பவுனு அக்கா குரலைத் தாழ்த்தினது போலவே இருக்கிறது, ரகசியம்தான் உண்மை என்று நினைக்கிற ஊர் இது. ஒரு தடவை முழுசாகப் பேசிப் போட்டுக் கேட்டாள். மூக்கடைத்த பள்ளிக்கூடப் பெண் யாரோ பேசுகிறாள், யார் இவள், இவள் சொன்னால் யார் கேட்பார்கள். அழித்தாள். அழிப்பதற்கு இங்கே மூன்று கை வேண்டாம், ஒரு விரல் போதும். சரி, என்னதான் சொல்வது? லூர்து அக்கா மருந்து கொடுக்கவில்லை என்றா? நீ பார்த்தாயா? கொடுத்தாள் என்று பவுனு அக்கா மட்டும் பார்த்தாளா? எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை, தெரியாது என்று சொல்வதற்கு எதற்கு ஒரு பேச்சு. பவுனு அக்கா நாளைக்குத் துணி காயப்போடும்போது என்ன சொல்வாள்? ஓ, பேசுவியா நீ. புருஷோத்து என்ன சொல்வான், உனக்கு எதுக்கு இந்த வேலை, முறை வந்தா முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே. முடியாது என்று சொல்வதற்கும் வாயைத் திறக்க வேண்டும். சோர்வாக இருந்தது. எலும்புக்குள் ஈரத்துணியை நுழைத்த மாதிரியான சோர்வு, எட்டு மாசமாகவே அங்கே இருப்பது. இப்படியே சாய்ந்து தூங்கிவிட்டால், எழுந்திருக்கும்போது நாலு மணி தாண்டியிருந்தால், எல்லாம் நடந்து முடிந்திருந்தால். அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்னையே வெறுத்தாள். ஆனால் வெறுக்கவும் தெம்பு வேண்டியிருந்தது.

பாதம் ஆடிக்கொண்டிருந்தது. அவள் ஆட்டவில்லை, அதுவாக ஆடியது, குதிகாலும் முன்பாதமும் மாற்றி மாற்றி, தையல் மிஷின் மிதிக்கிற கணக்கில். கம்பெனியில் கரண்ட் மிஷின்தான், ஆனால் பழகினது மிதிக்கிற மிஷினில். பாப்பாவின் தலை அந்தக் கணக்குக்கு லேசாக அசைந்தது. ஜன்னலில் ஈரத்துண்டு தொங்கியது. ஃபேன் இரண்டில் சுற்றியது. அந்தத் துண்டை யார் தொங்கவிடச் சொன்னது? வெக்கைலதாண்டி புள்ள முழிக்குது, ஈரத்துண்டு கட்டு. தொட்டில்ல போட்டு வேகமா ஆட்டாத, காலை நீட்டி மிஷின் மிதிக்கிறாப்ல மிதி, நீதான் டெய்லராச்சே. லூர்து அக்கா சொன்னது. மூன்றாவது நாள் சாயங்காலம், பாப்பாவைத் திருப்பித் தரும்போது, முகத்தைக்கூடப் பார்க்காமல், அடுத்த குழந்தைக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டே. இன்று காலையில்தான் முதல் தடவையாகச் செய்துபார்த்தாள். யோசித்துச் செய்யவில்லை. அவளைப் பற்றியே பயந்துகொண்டு, அவள் சொன்னதையே செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நிரோஷா கட்டைவிரலை எடுத்தாள். ஒன்று ஐந்து. பதினொன்றே காலுக்குப் படுக்க வைத்தது. ஒரு மணி ஐம்பது நிமிஷம். திரும்பப் பார்த்தாள். பாப்பா முழிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தும் முழிக்கவில்லை.

பட்டனை அழுத்தினாள். கிசுகிசுக்கவில்லை. சாதாரணமாக, பால்காரரிடம் அரை லிட்டர் என்று சொல்கிற குரலில்தான் ஆரம்பித்தாள், ஆனால் அந்த ரூமுக்கு அது பெரிய சத்தமாக இருந்தது.

"நான் நாலாவது பிளாக்கு நிரோஷா. இந்த வாரம் முறை என்னுது. நேத்து பவுனக்கா பேசினதை நான்தான் தொறந்து உட்டேன். முழுசா கேக்கல. நாப்பது செகண்டுதான் கேட்டேன், பாப்பா முழிச்சுக்கும்னு நிறுத்திட்டேன். அது என் தப்பு. லூர்தக்கா மருந்து குடுத்துச்சா இல்லையான்னு நான் பாக்கல, நீங்களும் பாக்கல. ஆனா அந்த அக்கா எனக்கு ஒண்ணு சொல்லிக் குடுத்துச்சு. அதன்படி போட்டேன், எம்பொண்ணு இப்ப என் கால்ல ஒண்ணேமுக்கா மணி நேரத்துக்கு மேல தூங்குது. நான் எந்த மருந்தும் ஊத்தல..."

அந்த இடத்தில் பாப்பா முழித்துக்கொண்டது. முகம் சுருங்கி, உதடு கோணி, பிறகு முழு மூச்சோடு அழுகை. விரலைப் பட்டனிலிருந்து எடுத்துவிடலாம், அழித்துவிட்டு முதலிலிருந்து பேசலாம். எடுக்கவில்லை. குழந்தையை இடது கையால் அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, அழுகைக்கு மேலே பேசினாள். எங்க பிளாக்குல அழிச்சிட்டோம், உங்க பிளாக்குலயும் அழிச்சிடுங்க, நாலு மணிக்குள்ள, கேக்கணும்னா என்னை வந்து கேளுங்க, நான் லூர்தக்கா வீட்லதான் இருப்பேன். கடைசி வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, அங்கேதான் இருக்கப்போகிறாள் என்று. விரலை எடுத்தாள். ஒரு நிமிஷம் நாற்பது செகண்டு. இவ்வளவு நேரம் அவள் இதற்கு முன்னால் சேர்ந்தாற்போல் பேசினதில்லை. திரும்பப் போட்டுக் கேட்கவில்லை. கேட்டால் அழிப்பாள். அனுப்பினாள். ஆறு கதவிலும் ஆறு சின்ன மணல் கடிகாரம் நின்றது.

கால் உயிர் பெறுவது வலித்தது. சுவரைப் பிடித்து எழுந்து, பாப்பாவின் துணிப்பையில் மாற்றுத்துணி, பாலாடை, பழைய சேலை எல்லாவற்றையும் திணித்தாள். போனைப் பார்த்தாள். அஞ்சாவது பிளாக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு குறி. ஒன்றாவது பிளாக்கிலும். மற்றதெல்லாம் இன்னும் அப்படியே. ஆறாவதில் மட்டும் பச்சை டிக்கு விழுந்திருந்தது, அனுப்பின எட்டாவது செகண்டிலேயே. எட்டு செகண்டில் ஒரு நிமிஷம் நாற்பது செகண்டை எப்படிக் கேட்பது? நிரோஷா அந்த டிக்கையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் வரவில்லை. அவள் வீட்டிலும் ஒரு குழந்தை தூங்குகிறது போல.

லூர்து அக்காவின் கதவு அதே பிளாக்கின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு எதிரே. வராண்டாவில் நாலைந்து பேர் காற்று வாங்குகிற சாக்கில் உட்கார்ந்திருந்தார்கள், பவுனு அக்காவும் இருந்தாள். எல்லார் கையிலும் போன் இருந்தது. கதவைத் தட்டியதும் திறக்கவில்லை. மறுபடி தட்டினாள். கொண்டி விலகி ஒரு ஜாண் அகலத்துக்குத் திறந்தது. லூர்து அக்காவின் கண் வீங்கியிருந்தது. அவள் நிரோஷாவைப் பார்க்கவில்லை, தோளில் விக்கிக்கொண்டிருந்த பாப்பாவைத்தான் பார்த்தாள், வழக்கம்போல எடை பார்க்கிற பார்வை.

"தூங்குச்சா?" என்றாள்.

"தூங்குச்சுக்கா," என்றாள் நிரோஷா. பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கிற குரலில். "ரெண்டு மணி நேரம்."